எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன சொதி

காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த பரிசோதனை அறிக்கையை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாம் முறை அதைவிடக் கோபம். மூன்றாம் முறைதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை.

என் கண்டுபிடிப்பு புதிதில்லையாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஊரறிய வெளியாகிவிட்டதாம். எந்தக் களவாணி வெளியிட்டான் என்று பார்த்தால், ஆதாரமாகக் காட்டியிருந்த யூடியூப் வீடியோவில் வெள்ளைச் சட்டையும் தொந்தியுமாக ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான்தான்.

தென்காசியில் எனக்கு ஒரு பட்டறை. கிடங்குகளில் சரக்குத் தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது தொழில். ஆலங்குளத்துக் காய்கறிக் கிடங்கில் ஒரு வண்டி கிளம்பும்போது ஒரு குலுக்கு குலுக்கும், நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். தக்காளிப் பெட்டி தரைக்கு வரும், திட்டு எனக்கு வரும். திட்டுப் பொறுக்காமல் மண்டையை உடைத்து ஒரு சின்னப் பெட்டி செய்தேன். சரக்கு எவ்வளவு கனம், எவ்வளவு உயரத்தில் தூக்கியிருக்கிறது என்று பார்த்து, அது வண்டியை மெல்லக் கிளப்பி மெல்ல நிறுத்தும். ஓட்டுகிறவர் பெடலை ஓங்கி மிதித்தாலும் வண்டி பதறாது. பதறுவதற்கு நான் இருக்கிறேனே.

விண்ணப்பம் போட்ட பிறகு, வெளியூர் வண்டிக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். பெட்டியை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். காப்புரிமை கிடைக்காவிட்டால் நாளைக்கு அவர்கள் வண்டியில் என் பெட்டி உட்கார்ந்திருக்கும். நான் கேள்வி கேட்க முடியாது.

வீடியோ என் மச்சினனின் கைங்கரியம். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கிறான். தினமும் காலையில் அருவியைப் படம் பிடித்து, 'இன்னைக்குத் தண்ணி நிலவரம்' என்று போடுவதுதான் அவன் சேனல். சீசன் இல்லாதபோது எதைப் போடுவான்? காய்ந்த பாறையை எவன் பார்ப்பான்? அப்படிப் பாறை மட்டும் இருந்த ஒரு மாதத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போடாவிட்டால் கல்யாணமே செல்லாது. தேங்காய்ப்பால் மணக்கும் அந்தச் சொதியை அண்டாவோடு ஆள் ஏன் தூக்க வேண்டும், என் பெட்டி மாட்டிய பட்டறை வண்டி தூக்கட்டும் என்றேன். சமையல் கொட்டகையிலிருந்து பந்திவரை நானே ஓட்டிப் போனேன். புறப்படுமுன் பெட்டியின் மூடியைத் திறந்து, வயர் வயராக விளக்கம் வேறு. மச்சினன் படம் பிடித்தான், போட்டுவிட்டான்.

என் விண்ணப்பத்தைக் கவனிக்கும் சென்னை ஏஜென்ட் தம்பியைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"ஜப்பான்காரன் பண்ணதத் தேடட்டும், ஜெர்மன்காரன் பண்ணதத் தேடட்டும். கல்யாண வீட்டுச் சொதிய ஏன் தம்பி தேடுதாங்க?"

"அவங்க வேலையே தேடுறதுதான் சார்."

"ஒரு சொட்டு சிந்தல தெரியுமா? அப்பேர்ப்பட்ட மெஷின்!"

"அதுதான் சார் பிரச்சினையே. அன்னைக்கே எல்லாம் சரியா ஓடுச்சுன்னா, அன்னைக்கே எல்லாம் வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம். ஏதாவது ஒண்ணு சரியா வராம இருந்துச்சா?"

போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் சிந்தியது.

பந்தி பக்கத்தில் மேடைமேல் வைப்பதற்காக அண்டாவை உயரத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினேன். அண்டா ஒரு ஆட்டம் ஆடியது. மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, சொதி ஆறியிருந்தது. அன்றைக்கு என் பெட்டிக்குக் கனம் மட்டும்தான் தெரியும், உயரம் தெரியாது. உயரத்தைப் பார்க்கும் புத்தி அவர் வேட்டி நனைந்த பிறகுதான் எனக்கு வந்தது.

வீடியோவில் அது ஏன் இல்லை? மச்சினனை மிரட்டி வெட்டச் சொன்ன மகான் யார்? அதுவும் நான்தான். என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை நானே ஒழித்துக் கட்டியிருக்கிறேன்!

பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் பறந்தேன். சீசன் கூட்டம். வழிவிடாத ஒவ்வொரு வேன்காரனையும் திட்டினேன். கடை வாசலில் இறங்கியபோதுதான் பார்த்தேன், இடது காலில் என் மனைவியின் செருப்பு.

"ஏலே, அந்தச் சொதி வீடியோ முழுசா இருக்கா?"

மச்சினன் மங்குஸ்தான் பழத்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை. "எது, நீங்க கொட்டுனதா? அழிக்கச் சொன்னியள்லா அத்தான்."

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

பழக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சேனல்லதான் அழிச்சேன். போன்ல அழிக்க எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வீட்ல யாருக்காவது மனசு சரியில்லன்னா அதத்தான போட்டுக் காட்டுதோம். அக்கா மாசத்துக்கு நாலு தடவ கேட்டுப் பாக்குதா. மொதல்ல கூடையவிட்டு எந்திரிங்க, பழம் நசுங்குது."

அக்கா என்றால் என் மனைவி. என் முதுகுக்குப் பின்னால் இத்தனை நாளாக ஒரு குடும்பமே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது! கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வீடியோ எனக்கு வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணை வீடியோ காலில் நடந்தது. பரிசோதனை அதிகாரி ஒரு பெண்மணி, நிதானமான குரல். ஏஜென்ட் தம்பி முழு வீடியோவையும் ஓடவிட்டார். திரையில் அண்டா சாய்கிறது. "ஐயோ, தள்ளுங்கலே! எல்லாரும் தள்ளுங்கலே!" என்று ஒரு குரல் அலறுகிறது. அலறியவர் வண்டியிலிருந்து எல்லோருக்கும் முன்னால் குதித்து, வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிகிறார். அந்த மரம் அவர் தொந்தியில் கால்வாசியைக்கூட மறைக்கவில்லை.

"உயரத்தைப் பார்த்து வேகத்தை மாத்துற வசதி அன்னைக்கு இருந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

என் மெஷின் தோற்றது என்று நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. "இல்லம்மா," என்றேன். "இருந்திருந்தா அந்த மனுஷன் வேட்டி தப்பிச்சிருக்கும்."

அவர் தன் மைக்கை அணைத்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. மீண்டும் குரல் வந்தபோது நிதானமாகவே இருந்தது. கனத்தை மட்டும் பார்க்கும் பகுதிக்கு உரிமை கோர முடியாது, அது வெளியாகிவிட்டது. உயரத்தையும் சேர்த்துப் பார்ப்பதை மட்டும் வைத்துத் திருத்தி அனுப்புங்கள் என்றார். அனுப்பினோம். பாதி போனது, பாதி நின்றது. காப்புரிமை வந்தது. போன பாதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டலாம் என்றால், திட்ட வேண்டிய ஆள் கண்ணாடியில்தான் நிற்கிறான்.

காப்புரிமை வந்த அடுத்த வாரம் மச்சினன் போன் செய்தான். "அத்தான், அருவில தண்ணி கொறஞ்சிட்டு. இப்ப அந்த முழு வீடியோவப் போடலாம்லா?"

"போடு. ஆனா அந்த வாழைமரத்துக்குப் பின்னால போறத மட்டும் வெட்டிருலே."

"வெட்ட மாட்டேன்," என்றான். "அடுத்த மெஷினுக்கு எது தேவைப்படுமோ, யாருக்குத் தெரியும்?"