புடவைக்கு அடியில் ஒளித்து வைத்த கிட்னி ரிப்போர்ட்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். போதகர்களும் டீச்சர்களும் எழுதுகிற இந்தப் பத்திரிகையில், ஹாஸ்டல் சமையலறையில் காய் நறுக்குகிற நான் என்ன எழுதுவது என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஆனால் எங்கள் சபையில் ஒரு சாட்சியைப் பாதியாகச் சொன்னவள் நான். மீதியையும் நானேதான் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் விமலா. பெருங்களத்தூரில் இருக்கிறோம். என் கணவர் தேவராஜுக்கு அறுபத்தாறு வயது. கம்பெனி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். படப்பை வழியாக ஒரகடத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பதினாலு வருடமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. போன வருடம் ஜனவரியில் சாப்பாட்டுக்கு முன்பே முந்நூறைத் தாண்டியது. காலில் ஒரு கொப்புளம் வந்து ஆறவே இல்லை. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று எனக்குப் பயம். பொத்தேரி ஹாஸ்டலுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஜெபிப்பேன். "ஆண்டவரே, இந்தச் சர்க்கரையை இறக்கும்" என்று மட்டும்தான் கேட்டேன்.

அந்த வாரமே அவருடைய பழைய டிரைவர் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரிசி, கோதுமை, இட்லி, தோசை எதுவும் கூடாது, கறியும் முட்டையும் வெண்ணெயும் பாதாமும்தான் சாப்பாடு என்று சொல்லிக்கொடுத்தார். என் கணவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். காலையில் வெண்ணெயில் நாலு முட்டை. மதியம் அரைக் கிலோ சிக்கன். சாயங்காலம் ஊறவைத்த பாதாம். ராத்திரி பன்னீர். அரிசி டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தார். எனக்கு வேண்டுமானால் ஹாஸ்டலிலேயே சாப்பிட்டுக்கொள்ளச் சொன்னார்.

மூன்று மாதத்தில் சர்க்கரை நூற்றிப் பத்துக்கு வந்தது. எண்பத்து நாலு கிலோ இருந்தவர் எழுபத்தொன்று ஆனார். கொப்புளம் ஆறியது. நான் அழுதேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். இருபது வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள் நான். எழுந்து பேசியதே இல்லை. அந்த ஏப்ரல் மாதம் எழுந்து நின்றேன். "நான் ஜெபித்தேன், கர்த்தர் இந்தச் சாப்பாட்டைக் காட்டினார், என் வீட்டுக்காரர் சுகமானார்" என்றேன். மூன்றே வாக்கியம்தான். எல்லாரும் கைதட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் வயதானவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய் என்று கேட்டு, சபை நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். ஏழெட்டுப் பேர் அதே சாப்பாட்டை ஆரம்பித்தார்கள். போகும் வழியில் அவர் என்னிடம், "பாத்தியா, ஒன் புருஷன் இப்போ பாதி டாக்டரு" என்று சிரித்தார்.

ஆகஸ்டில் அவர் கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு நுரை நிற்பதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை. பிறகு காலில் செருப்பு வார் பதிந்த இடம் சாயங்காலம் வரை பள்ளமாகவே இருந்தது. கறி வாசனை வந்தாலே குமட்டல் என்றார். ஆனாலும் விடாமல் சாப்பிட்டார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டார். எடை குறைந்துவிட்டதே என்று பி.பி. மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார்.

செப்டம்பரில் லேபில் இரத்தம் கொடுத்தோம். சர்க்கரை நன்றாக இருந்தது. கீழே கிரியாட்டினின் என்று ஒரு வரி. 1.9 என்று போட்டு, அளவு மீறியதற்கு அடையாளமாகப் பக்கத்தில் நட்சத்திரம் வைத்திருந்தார்கள். லேபில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். கிட்னி சம்பந்தப்பட்டது, 1.3-க்குள் இருக்க வேண்டும், டாக்டரைப் பாருங்கள் என்றாள்.

அவரிடம் காட்டினேன்.

"இன்னா இப்போ? கறி சாப்டறவனுக்கு அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். என் நண்பன் சொல்லியிருக்கான்" என்று காகிதத்தை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

நான் அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று இப்போது உண்மையைச் சொல்கிறேன். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாருக்கும் முன்னால் எழுந்து, கர்த்தர் காட்டிய சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தச் சாப்பாட்டால் கிட்னி கெடுகிறது என்றால் நான் சொன்னது என்ன ஆகும்? கர்த்தருடைய பெயர் என்ன ஆகும்? இப்படித்தான் யோசித்தேன். அந்த நாட்களில் என் ஜெபமெல்லாம், "ஆண்டவரே, நான் சொன்ன சாட்சியை வெட்கப்படுத்தாதேயும்" என்பதுதான். இரண்டு மாதம் இதையே ஜெபித்தேன். அவருடைய கிட்னிக்காக ஒருநாளும் ஜெபிக்கவில்லை. அது எனக்குத் தெரியக்கூட இல்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை ரோசம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர், எழுபத்தொரு வயது. என் சாட்சியைக் கேட்டு அரிசியை விட்டவர்களில் அவரும் ஒருவர். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். வீங்கியிருந்தது.

"விமலா, மறைக்காம சொல்லு. உங்க வூட்டுக்காரருக்கு இது மாதிரி கால் வீங்கிச்சா?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் புடவையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டார். "அப்போ எனக்குத்தான் விசுவாசம் கம்மி போல கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சபையில் பாட்டுப் பாட வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. அங்கே நின்றபடிதான் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, எனக்கு வெட்கம் வந்தால் வரட்டும். என் வீட்டுக்காரர் உயிரைக் காப்பாற்றும். நான் கூப்பிட்டால் அவர் டாக்டரிடம் வரமாட்டார். எனக்கு வழி தெரியவில்லை. நீரே காட்டும்." இவ்வளவுதான் சொன்னேன். கண்ணைக்கூட மூடவில்லை.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. திரும்பி நடந்து ரோசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நுரை, வீக்கம், ரிப்போர்ட், நான் சொன்ன பொய், எல்லாம்.

"அடிப்பாவி" என்றார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார். "ரெண்டு நாளா என் விசுவாசத்த நானே திட்டிக்கினு கெடந்தேன்டி."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அது அப்புறம். நாளைக்கு தாம்பரத்துல எனக்கு கிட்னி டாக்டர் டோக்கன் கீது. கால் வீக்கத்த பாத்துட்டு என் பொண்ணு போட்டுக் குடுத்தா. ஒன் புருஷனையும் வரச் சொல்லு."

"அவர் வரமாட்டார்க்கா."

"வைத்தியத்துக்கு வான்னா வரமாட்டான். அக்காவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னு சொல்லு. டிரைவரு, ஒடனே கிளம்புவான். நீ அந்தக் காகிதத்த மட்டும் பையில போட்டுக்கோ."

நான் வழி கேட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கர்த்தர் முன்பே டோக்கன் போட்டு வைத்திருந்தார்.

அக்கா சொன்னபடியே நடந்தது. நான் கேட்டதும், "பாவம், வயசானவங்க, தனியா எப்படிப் போவாங்க?" என்று அவரே ஆட்டோ பிடித்தார். தாம்பரம் போகும் வரை அக்காவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எங்கள் முறை வந்ததும் அக்கா உள்ளே போய், நோயாளி உட்காருகிற ஸ்டூலில் என் கணவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"டாக்டரம்மா, என்னைய அப்பாலிக்கா பாருங்க. மொதல்ல இவர் காலை அமுத்திப் பாருங்க."

"இன்னாக்கா இது? எனக்கு இன்னா?" என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காரு தேவராஜு. டாக்டரம்மா முன்னாடி ரகள பண்ணாத."

டாக்டர் குனிந்து கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. அது மேலே வரவில்லை. நாங்கள் நாலு பேரும் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். என் கணவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றே இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். கிரியாட்டினின் 2.6 ஆகியிருந்தது. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது, நுரை அதனால்தானாம். வீட்டிலிருந்த பழைய ரிப்போர்ட்டுகளையும் மறுநாள் கொண்டுபோனோம். இந்தச் சாப்பாடு ஆரம்பிப்பதற்கு முன்பே 1.4 இருந்திருக்கிறது. அதிலும் நட்சத்திரம் இருந்தது. நாங்கள் சர்க்கரை வரியை மட்டும் பார்த்திருக்கிறோம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஐயா, சாப்பாட்டால மட்டும்தான் இப்படி ஆச்சுன்னு நான் சொல்லமாட்டேன். பதினாலு வருஷ சுகர், நிறுத்தின பி.பி. மாத்திரை, மூட்டு வலி மாத்திரை எல்லாம் சேர்ந்துதான். ஆனா ஏற்கனவே களைச்சுப்போன கிட்னிக்கு தினம் இவ்வளவு கறியும் முட்டையும் பாரம். சுகர் குறைஞ்சது நல்லதுதான். அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிட்னியைப் பார்த்திருக்கணும். இப்படியே விட்டிருந்தா சீக்கிரமே டயாலிசிஸ் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

"ஓவர்லோடுன்னு சொல்றீங்க" என்றார் என் கணவர்.

"ஆமா. பிரேக்கும் போடாம" என்றார் டாக்டர்.

ரோசம்மா அக்காவின் கிட்னி அவர் வயதுக்குப் பரவாயில்லையாம். கால் வீங்கியது அவர் போட்டுக்கொண்டிருந்த பி.பி. மாத்திரையால். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த முதல் நாள் மூன்று பேரும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். ரோசம்மா அக்காவை இறக்கிவிட்ட பிறகு என் கணவர், "ஏன் இத்தினி நாள் சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்கதான மடிச்சுக் குடுத்தீங்க?"

"என்கூட பஸ் ஓட்டினவன் ஒருத்தன் வாரத்துக்கு மூணு தபா மெஷின்ல படுத்துக் கெடக்கறான் விமலா. போய்ப் பாத்துட்டு வந்தேன். அதான் பயம்."

அவருக்குப் பயம். எனக்கு வெட்கம். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒளித்திருக்கிறோம்.

டிசம்பர் முதல் ஞாயிறு நான் மறுபடியும் எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை குறைந்தது நிஜம், கிட்னி கெட்டுக்கொண்டிருந்ததும் நிஜம், அதை நான் இரண்டு மாதம் மறைத்தேன், ஒரு அக்காவிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர், "அப்போ அன்னைக்கு கர்த்தர் காட்டினார்னு சொன்னீங்களேம்மா, அது?" என்று கேட்டார். அவரும் அந்தச் சாப்பாடு சாப்பிடுகிறவர்தான்.

"நான் பார்த்ததோட நான் பார்க்காததையும் சேர்த்துச் சொல்லிட்டேன் ஐயா. கர்த்தர் மேல தப்பு இல்ல. என் தப்பு" என்றேன்.

என் கணவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கிட்ட கேட்டு ஆரம்பிச்சவங்க எல்லாரும் மொதல்ல ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. நான் டாக்டர் கெடையாது, டிரைவரு" என்றார். போதகர் இறங்கி வந்து எங்கள் இருவருக்காகவும் ஜெபித்தார்.

இப்போது அவருக்கு அளவாகச் சோறு உண்டு. காய் உண்டு. கறியும் முட்டையும் டாக்டர் சொன்ன அளவுதான். அப்பளம், ஊறுகாய், கருவாடு கிடையாது. வலி மாத்திரையை நிறுத்தியாயிற்று. பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஜனவரியில் 2.2 வந்தது. மார்ச்சில் 2.0. போன வாரமும் 2.0 தான். "இறங்கின வரைக்கும் இறங்கி நின்னிருக்கு. இதைக் காப்பாத்திக்கிட்டாலே பெரிய விஷயம்" என்றார் டாக்டர். கிட்னி புதிதாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். ஆகவில்லை. ஆனால் என் கணவருக்கு மெஷின் தேவைப்படவில்லை. கால் வீக்கம் வற்றிவிட்டது. காலையில் எழுந்து எனக்குக் காபி போட்டுத் தருகிறார். இது எனக்குப் போதும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நான் மாறிவிட்டேன் என்றால் இதில்தான். முன்பெல்லாம் நல்லது நடந்தால் மட்டும் கர்த்தரிடம் போய்ச் சொல்வேன். இப்போது நட்சத்திரம் போட்ட வரியையும் அவர் முன்னால் வைத்துவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு காகிதம் எங்காவது மடித்து வைத்திருக்கலாம். வெட்கப்படாதீர்கள். அதை எடுத்து ஆண்டவருக்கும் காட்டுங்கள், டாக்டருக்கும் காட்டுங்கள். கேட்ட அரை மணி நேரத்தில் எனக்கு வழி காட்டியவர் உங்களைக் கைவிடமாட்டார். அவரை நம்புங்கள்.

சபையில் நான் இரண்டாம் முறை பேசிய மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நின்றார்கள். ஐந்து பேருக்கு அளவு சரியாக இருந்தது. என்னிடம் கேள்வி கேட்ட மூப்பருக்கு 1.8 இருந்தது. அன்று மத்தியானமே என் கணவர் அவரைத் தாம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.