ஓர் அடி குறைந்த சுவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது விழுப்புரத்தில் கொத்தனார்களுக்கு ஆறு வாரப் பயிற்சி வைத்தார்கள். கடைசியில் பரீட்சை. தேறினால் சர்டிபிகேட் உண்டு. அது கையில் இருந்தால் மேஸ்திரி இல்லாமலே சின்னச் சின்ன சர்க்கார் வேலைகளைச் சொந்தமாக எடுத்துச் செய்யலாம் என்றார்கள். நான் திண்டிவனத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் போய் வந்தேன்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். அதைவிடப் பெரிய குறை, நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. பதினைந்து வருஷமாக மேஸ்திரி பேசுவார், நான் கட்டுவேன். எவனோ செய்த தப்புக்கு அவர் என்னை ஏசினாலும் கையிலிருக்கும் கலவைக் கரணையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு சர்டிபிகேட் இருந்தால் அதை நீட்டினால் போதும், நான் பேச வேண்டியதை அது பேசிவிடும் என்று நினைத்தேன். அதற்காகவே சேர்ந்தேன்.

அந்த ஆறு வாரமும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் இடம் இருந்தாலும் கதவருகேதான் நிற்பேன். மயிலம் வருவதற்குள் சட்டைப்பையிலிருந்த குறிப்பை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிடுவேன். சாப்பிட உட்கார்ந்தால் இடது கை விரல் தரையில் பிளான் போட்டுக்கொண்டிருக்கும். "கட்டினது போதும், துன்னு" என்பாள் என் மனைவி.

பரீட்சை நாளன்று ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த மைதானத்தில் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கி, பிளான் போட்ட ஒரு நீலத் தாளைக் கொடுத்தார்கள். ஒரே அறை. உள்ளளவு பன்னிரண்டுக்கு ஒன்பது அடி. நூல் கட்டி, மூலை மட்டம் பார்த்து, நாலு வரிசை செங்கல் வைக்க வேண்டும். பிறகு பிரித்து எடுப்பதற்கு வசதியாக, கலவை வெறும் சேறுதான். எனக்கு எழுத்துத்தான் தடுமாறும். எண்கள் நன்றாகத் தெரியும். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு முளை அடித்தேன். வேலை தொடங்கியதும் காலையிலிருந்த படபடப்புகூட அடங்கிவிட்டது.

நாலாவது வரிசை முடிகிற சமயம், பக்கத்து இடத்தில் கட்டிய கண்டமங்கலத்து ஆள் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வாரமும் எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்தவர்.

"இன்னாண்ணே, உன் ரூம்பு மட்டும் குட்டையா கீது? செங்கல்லு மிச்சம் பண்ணிக்கினு ஊருக்கு எடுத்துக்கினு போறியா?"

அளந்து பார்த்தேன். பதினொன்றுக்குப் பத்து.

எப்படி நடந்தது என்பது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்தில் அறைக்கு மனையடி பார்ப்பார்கள். பன்னிரண்டு அடி ஆகாது, ஒன்பது அடி ஆகாது. பதினொன்றும் பத்தும் நல்லது. வீட்டுக்காரர் தெரியாமல் பன்னிரண்டு என்று சொன்னாலும் நாங்கள் முளையைப் பதினொன்றில் அடித்துவிடுவோம். அவரிடம் சொல்வதுகூட இல்லை. பதினைந்து வருஷம் அப்படி அடித்த கை, அன்றைக்கும் அப்படியே அடித்துவிட்டது.

இடிப்பதா விடுவதா என்று நான் சுவரைச் சுற்றிச் சுற்றி வருவதற்குள் பரீட்சை வைக்கிற ஓவர்சியர் வந்துவிட்டார். நாடாவை இழுத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். மறுபடி கேட்டார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆறு வாரமும் வீணாகப் போகப்போகிறது என்பது தெரிந்தும் நாக்கு எழவில்லை. மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு அவர் தாளில் ஏதோ எழுதப் போனபோதுதான் வார்த்தை வந்தது.

"பன்னண்டு ஆவாதுங்க."

"யாருக்கு ஆவாது?"

"குடியிருக்கிறவங்களுக்குங்க."

"இதுல யாருய்யா குடியிருக்கப் போறாங்க?"

மைதானமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஆவாதுன்னு தோணினா நூல் கட்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லணும். சொல்லாம நீயா ஒரு அடியைத் தின்னுட்டா, நாளைக்கு மேல வர்ற உத்திரம் எங்க உக்காரும்? நாலு மணிக்கு வருவேன். பிளான்படி இருக்கணும்."

பிரித்தேன். செங்கல்லைச் சுரண்டி மறுபடி அடுக்கினேன். கண்டமங்கலத்து ஆள் தன் வேலை முடிந்த பிறகும் போகவில்லை. வாயில் கேலியும் கையில் சேறுமாக எனக்குக் கலவை எடுத்துக் கொடுத்தார். நாலு மணிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்பது சரியாக இருந்தது. சர்டிபிகேட் கிடைத்தது.

அதை வைத்துத் திண்டிவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு சர்க்கார் சிப்பந்திக்கான வீடு. பிளானில் உள்ளறை ஒன்பது அடி. நூல் கட்டுவதற்கு முன் வேலை கொடுத்த ஆபீசுக்குப் போனேன். வாசலில் மூன்று தடவை திரும்பி, நாலாவது தடவை உள்ளே நுழைந்து, ஒன்பது ஆகாது என்று சொன்னேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிளானை மாற்ற முடியாது என்றார். ஒன்பதே கட்டினேன்.

அந்த வீட்டில் ஒரு குடும்பம் குடிவந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. குடிவந்த பிறகு இரண்டு குழந்தைகள்கூடப் பிறந்திருக்கின்றன. சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது என் நடை தானாகக் குறைகிறது. உள்ளேயிருந்து யாராவது பேசும் சத்தமோ பாத்திரச் சத்தமோ கேட்ட பிறகுதான் மேலே நடக்கிறேன்.