பக்க சீட்டில் ரேடியோ

ஜீப் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் ரேடியோ. காலையில் சாவியைத் திருப்பும்போது ஆரம்பிக்கிற பேச்சு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்வரை ஓயாது. மலைமேல் இருக்கிற குடியிருப்புக்கு ஒன்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பாதிக்குமேல் வெறும் பாறை. இருபத்தாறு வருஷம் அதில் பேசிக்கொண்டே ஏறியவர்.

அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றிய டாக்டர், இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் ஜீப் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நாலாவது மாதம் தார்ப்பாயை உருவியது அவர் மனைவி. டவுனில் பதினோரு வருஷம் பேக்கரி வேன் ஓட்டியவள். அதனால் ஸ்டாண்டில் அவளுக்கு ரொட்டி என்று பெயர் விழுந்தது. ஆறு வாரம் காலி ஜீப்பில் தனியாக ஏறி இறங்கினாள். ஒரே ஒரு நாள் கணவரைக் கூட்டிப்போய், காது வலி தாங்காமல் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

ஸ்டாண்டில் இடம் வேண்டுமென்றால் பரீட்சை ஓட்டம் ஒன்று உண்டு. முழுச் சுமையோடு மேலே போய்ச் சேர வேண்டும். பின்னால் ஸ்டாண்ட் தலைவர் உட்காருவார். பக்க சீட்டில் வண்டியின் சொந்தக்காரர்; உருண்டால் உருள்வது அவர் சொத்து என்பதால் அந்த உரிமை. ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் ஓட்டம் செல்லாது, அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்தான். ரொட்டியோ பேக்கரி வேலையை விட்டு, வேன் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஓட்டுநர்கள் டீ பந்தயம் கட்டினார்கள். அவள் ஏறுவாளா என்று யாரும் கட்டவில்லை. ரேடியோ எந்த வளைவில் பேசும் என்பதுதான் பந்தயம்.

மாவு மூட்டைகள் ஏறின. ரொட்டி குனிந்து வலது முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் திருகைப் பூட்டினாள். இரண்டு முன் சக்கரத்திலும் அதைக் கையால் பூட்டினால்தான் முன்பக்கம் இழுக்கும். இடது பக்கம் போவதற்குள் தலைவர் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். போட்டாள், அப்படியே ஏறி உட்கார்ந்து கிளப்பிவிட்டாள்.

ரேடியோ அதைப் பார்த்துவிட்டார். வாய் திறந்தது, மூடியது.

முதல் நாலு கிலோமீட்டர் உலர்ந்த சரளை; பின் சக்கரங்களே போதும். ஓடையையும் சுலபமாகத் தாண்டினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தார். அடுத்த வளைவில் மறுபடி துடைத்தார். அதற்கப்புறம் துண்டு வாயிலேயே இருந்தது.

ஏணி என்று ஓட்டுநர்கள் சொல்கிற இடம் வந்தது. ஈரம் கசியும் ஆறு பாறைப் படிகள். மூன்றாவது படியில் பின் சக்கரங்கள் சுழன்றன, ரப்பர் நாற்றம் வந்தது. வண்டி நகரவில்லை.

ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்க்கிற இடம் அது. நிறைய பேர் டயரைத் தேய்த்துத் தீர்த்தது அங்கேதான். ரொட்டி காலை எடுத்தாள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், எஞ்சினை அணைத்தாள். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். முன்னால் வந்து நின்று பார்த்தாள். பின் சக்கரத்தடியில் பாசி உரிந்து போயிருந்தது. முன் சக்கரத்தடியில் அப்படியே இருந்தது. முன்பக்கம் இழுக்கவே இல்லை.

இடது பக்கம் போய்த் திருகைத் தொட்டாள். தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். பூட்டினாள்.

அடுத்த முறை ஜீப் மூன்றாவது படியை மெதுவாக, மாடு எழுந்திருப்பதுபோல ஏறியது. ஆறாவது படிக்கப்புறம் பின்னால் தலைவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மேலே மூட்டைகளை இறக்கினார்கள். நடுவில் வண்டி நின்றது பற்றித் தலைவர் யோசித்தார். மேலே போய்ச் சேரணும் என்றுதான் விதி, நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றார்.

“வார்த்தையும் வரல. துண்டுதான் பாதி உள்ள போயிருச்சு. நாளையிலருந்து ஸ்டாண்டுல ஏழாம் நம்பர் உனக்குத்தாம்மா.”

ரேடியோ அப்போதும் பேசவில்லை. விதி எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“இனிமே பேசலாங்க,” என்றாள் ரொட்டி.

துண்டை எடுத்தார். “ஹப்பு பூட்டலைன்னு எனக்குக் கீழயே தெரியும்.”

“ஏதோ தப்புன்னு எனக்கும் தெரிஞ்சுச்சு. ஆனா உங்க மூஞ்சியப் பார்த்திருந்தா நான் அங்க இறங்கியிருக்க மாட்டேன், பயத்துல மிதிச்சிருப்பேன். அதான் திரும்பல.”

இறங்கும்போது ஒன்பது கிலோமீட்டரும் அவர் பேசினார். ஏணியில் தான் எந்த ஓரமாக ஏறுவது வழக்கம் என்பதை மட்டும் நாலு தடவை சொன்னார். அவள் உம் கொட்டிக்கொண்டே தன் ஓரமாக இறங்கினாள்.

ரேடியோ பேசவே பேசாது என்று யாரும் கட்டாததால், ஸ்டாண்டில் அன்று பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. தோற்ற எல்லாருக்கும் டீ வாங்கியது ரேடியோதான். வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது படியிலிருந்து கதையை ஆரம்பித்தார்.