பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிய கார்டு

போன வாரம் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அசிங்கப்பட்டு நின்றேன். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? அதுவும், கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னதைப் பிடிவாதமாக வாங்கிக்கொண்டு போய்விட்டு...

பொருள், ஒரு கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டரில் படம் தடங்கல் இல்லாமல் ஓட, உள்ளே செருகுகிற அட்டை. இந்த வயதில் உனக்கு எதற்கப்பா என்பீர்கள். எனக்கில்லை, என் தம்பி முருகேசனுக்கு. அவனுக்கும் வயது நாற்பத்து நான்கு.

முருகேசன் ஜீப் டிரைவர். காலையில் கம்பத்தில் கூலி வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போய், மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களில் விடுவான். சாயங்காலம் கீழே கூட்டி வருவான். பதினெட்டு வருஷமாக இதே வேலை. போன ஆடியில், ஒரு வெள்ளிக்கிழமை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் பள்ளத்தில் போய்விட்டது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். இவனுக்கு வலது கால் போயிற்று.

பிரேக் சரியில்லை என்பது முந்தின நாளே அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் விடலாம் என்று இருந்தான். ஞாயிறுக்கு இன்னும் இரண்டே நாள்தானே... நாமெல்லாம் அப்படித்தானே இருக்கிறோம்?

அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. ஒருநாள் அவன் மகள் கவிதா போன் செய்தாள். கல்லூரியில் படிக்கிற பெண்.

"பெரியப்பா, அப்பா என் கம்ப்யூட்டர்ல ஒரு ஜீப் கேம் ஆடுறாக. மலை மேல இருந்து கீழ எறங்கணும். பகலெல்லாம் அதேதான்."

"நல்லதுதானேம்மா, ஆடட்டும். பொழுது போகும்ல."

"இல்ல பெரியப்பா. இது பழைய கம்ப்யூட்டரு. படம் நின்னு நின்னு வருது. பிரேக் பட்டனை அமுக்குனா கொஞ்ச நேரங் கழிச்சுத்தான் பிடிக்குது. அதுக்குள்ள வண்டி பள்ளத்துல போயிருது. மறுபடி மேல போறாக, மறுபடி விழுகுறாக. என்னால பாக்க முடியல."

ஒரு மனுஷன் ஒருமுறை விழுந்தது போதாதா?

மறுநாளே கம்பம் போய், கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் செல்வம் பொறுமையான மனிதர். பெட்டியைத் திறந்தார், தூசி ஊதினார், இரண்டு கார்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் 256 எம்பி என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 512. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"இந்த 256-ஐ எடுத்துக்கங்க சார். உங்க கேமுக்கு இதுதான் சரி."

நான் யார்? போடியில் இருபத்தைந்து வருஷமாக ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். எங்கள் தொழிலில் காயைச் சல்லடையில் போட்டுச் சலிப்போம். மேலே தங்குகிற பெரிய காய்க்குத்தான் மவுசு. கீழே விழுகிற சின்னதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். என்னிடம் வந்து சின்ன எண்தான் நல்லது என்றால் நம்புவேனா? விற்காமல் கிடக்கிற சரக்கை என் தலையில் கட்டுகிறார் என்றே நினைத்தேன்.

"512-ஐயே மாட்டுங்க" என்றேன், கறாராக.

செல்வம் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மாட்டிக் கொடுத்தார். ஒரு தொழிலில் கொஞ்சம் விவரம் தெரிந்துவிட்டால் போதும் — ஊரில் உள்ள எல்லாத் தொழிலும் நமக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு!

நான்கு நாள் கழித்துக் கவிதாவிடமிருந்து மறுபடி போன். "அப்பா ஆடுறதையே விட்டுட்டாக பெரியப்பா. செவத்தைப் பாத்துப் படுத்தே கெடக்காக."

ஓடினேன். முருகேசன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புதுசு போட்டும் ஏன்டா ஆடல?"

"இதுலயும் பிரேக் பிடிக்கலண்ணே" என்றான். "எங்கன போனாலும் எனக்கு அம்புட்டுத்தான். விட்ரு."

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. கார்டு தேர்ந்தெடுத்தது நான். பழியை அவன் தன் தலையெழுத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். இதைவிடப் பாவம் உண்டா?

பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனேன். போன வாரம் அசிங்கப்பட்டேன் என்றேனே, அது இதற்காகத்தான். செல்வம் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"எம்பிங்கிறது குடோன் மாதிரி சார். வேலை பாக்குறது சிப்பு. குடோனைப் பெருசாக் கட்டிட்டா, மூடை தூக்குற ஆளுக்கு பலம் கூடிருமா? அந்த 512-ல இருக்கிறது சோப்ளாங்கி சிப்பு. அன்னைக்கே சொல்லிருப்பேன், நீங்க கோவமா இருந்தீக."

256-ஐ மாட்டிக் கொடுத்தார். பஸ் பிடித்துக் கம்பம் வந்து, மின்வெட்டு நேரம் முடியும்வரை காத்திருந்தேன். கரண்ட் வந்ததும் முருகேசனைக் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்கார வைத்தோம்.

படம் தண்ணீர் ஓடுவதுபோல வந்தது. மலை உச்சியில் ஜீப். முதல் வளைவு. அவன் விரல் பட்டனைத் தொட்டதும் வண்டி நின்றது. முருகேசன் விரலை எடுக்கவே இல்லை. வண்டியை அப்படியே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தான். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல நகர்த்தினான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஓரம் ஒதுங்கி, மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினான். கேமில் அவனைத் தவிர ஒரு வண்டி கிடையாது. யாருக்காக ஹாரன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசி வளைவும் முடிந்து சமதளம் வந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். திரையில் என்னென்னவோ மின்னியது. "ஜெயிச்சுட்டீகப்பா!" என்று கவிதா கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, என் தம்பி எழுந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

அவன் அடுத்த ஆட்டத்துக்குப் போகவில்லை. இன்ஜின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏலே, அதான் கீழ வந்தாச்சுல்ல? அடுத்ததைப் போடு."

முருகேசன் நாற்காலியில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"பொறுண்ணே... எல்லாரும் எறங்கட்டும்."