வீட்டுக்கு அடியிலிருந்து வந்த குரல்

ஒஸ்லோவிலிருந்து ஹொல்ம்லியா போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த கிழவர் நியூசிலாந்துக்காரர். நல்ல உயரம், வெளிறிய நீலக் கண்கள். பெட்டியில் யார் பேசி முடித்தாலும், இன்னும் ஏதோ கேட்க இருப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நான் தொலைபேசியில் கதைத்து முடித்தபோதும் அப்படித்தான் இருந்தார். பிறகு அது எந்த மொழி என்று விசாரித்துவிட்டு, தடுமாறும் நோர்வேஜிய மொழியில் தன் ஊர்க்கதையைச் சொன்னார்.

அவருடைய முன்னோர் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறிப் போய் அங்கே நகரம் கட்டியவர்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் குடியிருந்த ஓடைக்கரையை மண்போட்டு மூடி, தெருக்களுக்கு எடின்பரோவின் பெயர்களை வைத்தார்கள். அந்த ஓடையின் மேல்தான் இவருடைய வீடு.

“மழை பெய்தால் தரைக்குக் கீழே தண்ணீர் ஓடும். கூடவே ஒரு பெண்ணின் குரலும் வரும். எங்களுக்கு விளங்காத மொழி. பதில் சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார்.”

“நீங்கள் சொல்லவேயில்லையா?”

“என் மனைவி சொன்னாள். ஒரு மத்தியானம் தரையில் குனிந்து, ‘யார் அது?’ என்று கேட்டாள். குரல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு எவ்வளவு மழை பெய்தும் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் எங்களால் இருக்க முடியவில்லை. அவள் பிறந்த இந்த ஊருக்கே வந்துவிட்டோம்.”

ஹவுகெட்டோவில் அவர் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஆர் எண்டு அந்த மண்ணின்ரை சனமெல்லோ கேட்டிருக்க வேணும்? வந்து குடியேறின இவை ஏன் கேட்டவை?”

அந்தக் குரல் அத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்தது ‘யார் அது?’ என்பதைத்தானோ என்று அன்றிலிருந்து எனக்கொரு சந்தேகம்.