வாய் திறக்காத நவோகி

ஜெய்க்கு முப்பத்தாறு வயது. ஈசூன் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது வேலை. மூன்று முறை பெண் பார்த்தாகிவிட்டது. மூன்று வீட்டிலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: பையன் நல்லவர், ஆனால் வாயே திறக்க மாட்டேங்கிறார். பேசிப் பேசியே ஏமாற்றுகிறவர்கள் மலிந்த ஊரில் இதெல்லாம் ஒரு குறையா என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து தோசையையே பார்த்துக்கொண்டிருக்கிறவரைப் பெண் வீட்டார் எதை வைத்து எடைபோடுவார்கள்?

அவர் ஓயாமல் பேசும் விஷயம் ஒன்று உண்டு. அது அக்கா லீலாவுக்கு மட்டும் தெரியும். ஒரு ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை, பதினோரு புத்தகங்கள். அதில் நவோகி என்றொரு லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். ஒன்பதாவது புத்தகம் வரைக்கும் அதை அவளிடம் சொல்வதில்லை. அவள் வீட்டு லிஃப்ட் மட்டும் ஒருநாளும் பழுதாகி நின்றதில்லை. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ஜெய் அதை நாலு தடவை படித்திருந்தார்.

அக்காதான் திருமணத் தளத்தில் தம்பியைப் பற்றி எழுதும்போது, ஆர்வக் கோளாறில், ‘நவோகி மாதிரி காதலிக்கத் தெரிந்தவர்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

நாலாவதாக அமைந்த வரன் நிரஞ்சனா, பாலர் பள்ளி ஆசிரியை. யார் இந்த நவோகி என்று தேடினார். கிடைத்தது புத்தகம் அல்ல, அதை வைத்து எடுத்த அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். பன்னிரண்டு பாகத்தையும் ஒரே வாரத்தில் பார்த்து முடித்தார். அந்த நவோகி வேறு ஆள். முதல் பாகத்திலேயே மொட்டைமாடியில் நின்று காதலைக் கத்திச் சொல்கிறான், மழையில் நனைந்தபடி பாடுகிறான், அவள் தடுக்கி விழும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துத் தாங்குகிறான். அந்தப் பெண்ணும் பாவம், பாகத்துக்கு ஒருமுறை தடுக்கி விழுகிறாள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு சைவ உணவகத்தில் இரு குடும்பமும் சந்தித்தபோது, நிரஞ்சனா அந்த நவோகியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். ஜெய்யோ ‘வணக்கம்’, ‘சாப்பிடுங்க’, ‘பரவாயில்லை’ என்பதோடு முடித்துக்கொண்டார்.

வேண்டாம் என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று, அடுத்த ஞாயிறு காலை அவரை நிரஞ்சனா ஒரு டீக்கடைக்கு வரச்சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்க. நவோகி மாதிரின்னு போட்டிருந்தீங்க. அவன் எவ்வளவு பேசுறான்! ப்ரொஃபைல்ல பொய் சொல்லலாமா?”

ஜெய்யின் முகம் சிவந்துவிட்டது.

“அவன் பேசவே மாட்டாங்க! அது அனிமேக்காரங்க பண்ண வேலை. நான் பத்து நிமிஷம் பார்த்துட்டு ஆஃப் பண்ணிட்டேன்.”

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கதையில் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குக் கால்வலி என்று தெரிந்து, நவோகி லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து வைக்கிறான். புத்தகத்தில் அதற்கு எட்டுப் பக்கம். ஒரு வசனம் கிடையாது.

“புக்குன்னா நம்ம இஷ்டத்துக்கு நின்னு பார்க்கலாம். டிவியில அப்படிச் சும்மா காட்டினா யாரு உட்கார்ந்திருப்பா? அதான் நாற்காலியைத் தூக்கிட்டு பூங்கொத்தைக் குடுத்துட்டாங்க. மனசுல நினைச்சதையெல்லாம் வாயால சொல்ல வச்சுட்டாங்க. பாட்டு வேற லா!”

டீ ஆறிப்போயிருந்தது. திடீரென்று வெட்கம் வந்து, “சாரி, நிறைய பேசிட்டேன்” என்றார். பையிலிருந்து, அந்த நாற்காலிக் காட்சி வரும் மூன்றாவது புத்தகத்தை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வந்த நிரஞ்சனா, அதைச் சொல்லாமலே புத்தகத்தோடு வீடு திரும்பினார்.

அன்று மதியமே அந்த எட்டுப் பக்கத்துக்கு வந்துவிட்டார். பக்கத்தில் அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அன்னைக்கு ரெஸ்டாரண்ட்ல நமக்கு மாடியிலதானே டேபிள்?”

“ஆமா. நாம போறதுக்குள்ள கீழ மாத்திட்டாங்க. என் காலுக்கு நல்லதாப் போச்சு.”

நிரஞ்சனா ஜெய்யைக் கைபேசியில் அழைத்தார். “அன்னைக்கு டேபிளைக் கீழ மாத்தச் சொன்னது யாரு?”

ஜெய் மெல்லச் சொன்னார்.

“அம்மாவுக்குக் கால்வலின்னு அக்கா சொன்னாங்க. முன்னாடியே போய் லிஃப்டைப் பார்த்தேன். ஏறும்போது கொஞ்சம் குலுங்குச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொல்லணுமா?”

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “மிச்சப் பத்து புக்கையும் எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. தேதி பார்க்கணும்னு அம்மா சொல்றாங்க.”

அப்படி எதுவும் சொல்லாத அம்மா, தைலக் கையோடு மகளை நிமிர்ந்து பார்த்தார்.