நான் சவர் என்று சொன்ன கிணறு

இதை எழுதுவதா விடுவதா என்று தடுமாறிப் பல வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் கொப்பியையும் பேனையையும் படத்துக்கு முன்னால் வைத்து, நாளைக்கு எழுதிவிடுகிறேன் தாயே என்று கும்பிடுவேன். மறுநாள் அந்தப் பேனையால் கடைச் சாமான் துண்டுதான் எழுதுவேன். நான் ஓ.எல் சோதனை வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற பிழையைப் பொறுக்கும்படி கேட்க எனக்கு வாய் இல்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊர் தீவுப் பக்கத்தில். கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கிற ஒரு அக்கா குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து எங்கள் சந்தியில் இறங்குவார். தோளில் துணிப்பை. அதற்குள் ஒரு வரைபடம், கொப்பி, பென்சில், சின்னச் சின்னப் போத்தில்கள். எங்கள் கிணறுகளைப் பற்றி அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தீவில் நாலு பக்கமும் கடல் அல்லவா, ஒரு கிணறு இளநீர் போல இருக்கும், ஒரு வேலி தள்ளி அடுத்த கிணறு வாயில் வைக்க முடியாத சவராக உப்புக் கரிக்கும். எது நல்ல தண்ணீர், எது சவர், எந்த மாதத்தில் உப்பு ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவதுதான் அவருடைய வேலை.

ஊர் சுற்றிக் காட்டும்படி அப்பா சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பாவுக்கு அது பெரிய பகிடி.

"கிணத்துத் தண்ணி குடிச்சுப் பாத்தாப் பட்டம் குடுக்கினமாம். நானும் பிறந்த நாள் தொட்டுக் குடிக்கிறன், என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை," என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட விடுமுறையில் சும்மா நின்ற என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்.

அந்த அக்காவின் வேலைக்கு ஒரு முறை இருந்தது. கிணற்றடியில் நிற்கிறவர்களிடம் முதலில் விசாரிப்பார். பிறகு ஒரு வாய் தானும் குடித்து, எனக்கும் ஒரு வாய் தருவார். "நீர் சொல்லும், எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு பெரிய மனுசி போலச் சொல்வேன். நல்ல தண்ணீர் என்றால் ஒரு போத்திலில் எடுத்து இலக்கம் ஒட்டுவார். சவர் என்று ஊரவர் சொன்ன கிணற்றுக்குப் போத்தில் கிடையாது. அத்தனையையும் பஸ்ஸில் காவிக்கொண்டு போக முடியாது என்பார். சொன்னதைக் கேட்டு எழுதுவதோடு சரி. வீட்டில் யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. என் சொல்லை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்பதில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் எங்கள் அம்மன் கோயிலில் கொடியேற்றம். அந்த வருடம் பூத்தட்டு ஏந்த என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். புதுப் பாவாடை சட்டை தைத்து அலுமாரிக்குள் இருந்தது.

"பனங்கூடலுக்கு அங்காலை போனால் பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கப்படாது, கேட்டுதோ? வைச்சியெண்டால் பூத்தட்டு உனக்கில்லை."

பனங்கூடல் என்பது ஊரோரத்துப் பனந்தோப்பு. அதற்கு அங்காலே இருந்தவர்களை எங்கள் வீட்டார் படலைக்கு இங்காலே விடுவதில்லை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அங்கேயிருந்து வந்த ஒருத்தி என் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தாள். அழிறப்பர் கடன் வாங்குவோம், கணக்குப் பார்த்து எழுதுவோம். பள்ளிக்கூடப் படலை தாண்டினால் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

வெயில் ஏறுகிற நேரத்தில் பனங்கூடல் வரை வந்துவிட்டோம். அங்காலே பூவரச மரங்களுக்குக் கீழே ஒரு கிணறு தெரிந்தது. அக்கா வரைபடத்தை விரித்தார்.

"இது படத்திலை இல்லை. வாரும், பாப்பம்."

அவர் போனால் குடிப்பார். எனக்கும் தருவார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். புதுப் பாவாடை கண்ணுக்குள் வந்து நின்றது.

"அது சவர் அக்கா. ஒருத்தரும் குடிக்கிறேல்லை."

அவர் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து நடந்து போனாள். என் வாங்குக்காரிதான். என்னைக் கண்டு கையைக் காட்டினாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"அப்ப அந்தப் பிள்ளை குடத்திலை கொண்டு போகுதே?"

"அது மாட்டுக்கு."

எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ தெரியாது. அக்கா என் முகத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், களைத்துப்போயிருந்தார். பென்சிலை எடுத்து எழுதினார். திரும்பி நடந்தோம்.

மறுநாள் பூத்தட்டு ஏந்தினேன். எல்லோரும் வடிவாயிருக்கு என்றார்கள். சாமி வீதி சுற்றி முடிந்த பிறகு, நான் தனியே மூன்று முறை கோயிலைச் சுற்றி வந்து, பொய் சொல்லிப்போட்டன் அம்மாளாச்சி, மன்னிச்சுக்கொள் என்று விழுந்து கும்பிட்டேன். அத்தோடு அது முடிந்தது என்று நினைத்தேன். பிறகு நினைக்கவும் இல்லை.

நான் கலியாணம் கட்டி, அதே ஊரில் குடும்பமாகி இருந்தபோது, கிணறுகளைத் திருத்தும் திட்டம் ஒன்று வந்தது. குடிதண்ணீர்க் கிணறுகளைத் தெரிந்து இறைத்துத் துப்புரவாக்கி, கட்டுக் கட்டி, மூடி போட்டுத் தருவார்களாம். சனசமூக நிலையத்தில் கூட்டம். ஒரு இளம் உத்தியோகத்தர் பட்டியலை வாசித்தார். பனங்கூடலுக்கு அங்காலே உள்ள கிணறு அதில் வரவில்லை. என் பழைய வாங்குக்காரி எழும்பி ஏன் என்று கேட்டாள்.

"இது எங்கட கையாலை எழுதினது இல்லை அக்கா. கம்பஸ் ஆராய்ச்சி. சஞ்சிகையிலை வந்து இப்ப இன்ரநெற்றிலையும் கிடக்கு. இதிலை அந்தக் கிணறு சவர், கால்நடைக்கு மட்டும் எண்டு இருக்கு."

"அந்தத் தண்ணியிலைதான் நான் என்ரை ரெண்டு பிள்ளையளுக்கும் பால்மா கரைச்சனான். நாங்கள் என்ன, மாடே தம்பி?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். உத்தியோகத்தர், எழுத்திலே திருத்தம் வந்தால் பிறகு சேர்க்கலாம் என்றார். நான் நாலு கதிரை தள்ளி இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்தது. மற்றக் கிணறுகளுக்கெல்லாம் கட்டு வந்தது, மூடி வந்தது.

அன்று பின்னேரம் மகனிடம் கேட்டு, ரெலிபோனில் அந்தக் கட்டுரையை எடுப்பித்தேன். யாரும் காசில்லாமல் வாசிக்கலாம் என்று போட்டு வைத்திருந்தார்கள். அட்டவணையில் மற்றக் கிணறுகளுக்குப் பெயர் இருந்தது. அந்தக் கிணற்றுக்கு இலக்கம் மட்டும். பக்கத்தில் நான் சொன்ன இரண்டு பொய்யும் நல்ல தமிழில். கடைசிப் பக்கத்தில், கிணறுகளைக் காட்டி ஒவ்வொன்றின் தண்ணீரையும் தன்னோடு சேர்ந்து சுவைத்துப் பார்த்த சிறுமிக்கு நன்றி என்று ஒரு வரி. மகன் அதைச் சத்தமாக வாசித்தான். "அம்மா, இது ஆராயிருக்கும்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அதுவும் பொய்.

இந்த வருடம்தான் துணிவு வந்தது. அந்த அக்கா இப்போது கம்பஸில் பெரிய ஆசிரியர். நம்பர் தேடி எடுத்துக் கதைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"என்ரை பிழையும் இருக்கு. நூறு யார் தூரம் நடந்துபோய்ப் பாத்திருக்க வேணும். சின்னப்பிள்ளை ஏன் பொய் சொல்லப்போகுது எண்டு நினைச்சிட்டன்." பிறகு சொன்னார், "அச்சிலை வந்ததை அழிக்க ஏலாது. ஒரு திருத்தக் குறிப்புப் போடலாம். ஊர்ச் சிறுபிள்ளை தவறுதலாச் சொன்னது எண்டு போடுவம். உம்மடை பேர் வராது."

"தவறுதலா இல்லை அக்கா."

"விளங்குது. அந்த விளக்கமெல்லாம் குறிப்புக்குள்ளை அடங்காது. நீரே எழுதித் தாரும். கட்டுரை கிடக்கிற இடத்திலை பக்கத்திலை வைப்பம்."

எழுதினதை முதலில் பனங்கூடலுக்கு அங்காலே கொண்டுபோனேன். என் வாங்குக்காரி முற்றத்தில் நின்றபடியே கடைசி வரை வாசித்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீதானெண்டு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "செருப்பு வாரைச் சரிசெய்தாய். உன்ரை செருப்பிலை இழுத்துப் பூட்ட வாரே இல்லை, அது றப்பர் பாட்டாச் செருப்பு." தாள்களைத் திருப்பித் தந்தாள். "வாரெண்டே இருக்கட்டும். நீ எழுதினபடியே குடு. என்ரை பேர் வேண்டாம். கிணத்தின்ரை பேரைப் போடு."

அந்த வயதில் எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. பொய் சொன்னால் அம்மாளாச்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. மனிதரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. அம்மாளாச்சி அன்றைக்கே மன்னித்திருக்கவும் கூடும். ஆனால் அவள் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவள் இல்லை.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது என் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். சின்னப்பிள்ளைதானே என்று ஒரு வரி சேர்க்க வேண்டாம். மாட்டுக்கு என்ற சொல்லை எடுத்துவிட வேண்டாம். முழுவதையும் பிரதி பண்ண நேரமில்லாதவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டுமாவது உள்ளபடி எழுதுங்கள்.

பூவரசடிக் கிணறு. நல்ல தண்ணீர். ஆட்கள் குடிக்கிறார்கள்.